மேடு ஏறாத வேன்

பட்டறையில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். ஒரு போல்ட்டை முறுக்கிய பிறகு இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பாள். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் தொட்டுப் பார்ப்பாள். பெயர் வைத்தவர் பட்டறைக்காரரான அவளுடைய அத்தான். அக்காவின் கணவர் என்பதால் அவருக்குக் கேலி பண்ண உரிமை உண்டு. முதலாளி என்பதால் அவள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்த வேனின் கியர்பாக்ஸ் தேய்ந்துபோனபோது, அதைத் தங்கைதான் மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதுவரை சந்தேகத்துக்குக் கிடைத்த வேலையெல்லாம் டயரும் ஆயிலும்தான். உடைசலுக்குப் போன ஒரு வேனிலிருந்து அதே மாதிரி கியர்பாக்ஸ் கிடைத்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, தன்னந்தனியாக மாட்டினாள். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் யார் படுத்து ரசிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். ஆனால் கியர் தொட்டால் விழுந்தது. அவரே இரண்டு தரம் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

நான்காம் நாள் மாலை, மழையில், பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் மேட்டில் வேன் மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் இழுவை இல்லை. பதினோரு பிள்ளைகளும் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பாதி மேட்டை நடந்தே ஏறினார்கள். காலி வேன் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வார்களாம். அதுவரை அக்கா அத்தானின் காரில் மூன்று நடையாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டாள். தங்கையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

"பொருத்தம் பாக்காம கட்டி வெச்சா இப்படித்தான்," என்றார் அத்தான். "இஞ்சினுக்கு இந்தப் பெட்டி ஒத்துக்கல. புதன்கிழமை வரைக்கும் பாரு. வியாழக்கிழமை காலைல நானே எறக்கிடறேன். அப்பறம் நீ டயர் பக்கமே இரு."

இறக்கினால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். அவர் மாட்டுகிற பெட்டியும் ஏறும், ஏறாமலும் போகும். ஆனால் இவள் கைக்கு இன்னொரு கியர்பாக்ஸ் வராது.

ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது என்று முடிவு செய்தாள். முதலில் கிளட்ச். கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. இங்கே வேக முள்ளும் இஞ்சின் சுற்று முள்ளும் சேர்ந்தே இறங்கின. ஆகவே கிளட்ச் இல்லை. நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றினாள். தடையில்லாமல் சுற்றின, பிரேக் பிடிக்கவில்லை. காற்று வடிகட்டியைத் தட்டினாள், பெட்ரோல் வடிகட்டியை மாற்றினாள், கியர்பாக்ஸை ஏற்றும்போது புகைக்குழாய் நசுங்கியிருக்குமோ என்று கையால் தடவிக்கொண்டே போனாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஓட்டினாள். காலையில் குதிரை மாதிரி ஏறுகிற வண்டி மாலையில் படுத்துக்கொண்டது.

"சாயங்காலம் ஆனா அதுக்கும் வீட்டு ஞாபகம் வந்துடுதோ என்னவோ," என்றார் அத்தான்.

ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி கொஞ்சம் சோம்பல் முறித்தது. அதையும் எழுதினாள். பேட்டரி பழசு, அதற்கு ஒரு வரியா என்று அவர் சிரித்தார். நோட்டின் கடைசிப் பத்தியில் அவள் கண்டதையெல்லாம் எழுதுவதும் அவருக்கு வேடிக்கை: வெயில், தூறல், கண்ணாடியில் பனி, எதிரே லாரி. இரவு படுத்தால் தான் செய்ததில் எது கோணல் என்றே மனசு குடைந்தது. பெட்டிதான் கோணலோ? அவர் சொல்வதுதான் சரியோ? காலையில் எழுந்து மறுபடியும் மேட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை நண்பகல். பதினோரு ஓட்டம் முடிந்திருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் நோட்டையே பார்த்தாள். மாலை ஓட்டம் ஐந்தும் மோசம். பகல் ஓட்டம் ஆறில் ஐந்து நன்று. ஒன்று மட்டும் மோசம், திங்கட்கிழமை மதியம். அதற்கு நேரே கடைசிப் பத்தியில் அவள் கையெழுத்தில் இருந்தது: 'பெருமழை, இருட்டு.' ஈரச்சாலை என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். இருட்டு என்றால் ஹெட்லைட் போட்டிருப்பாள். மழை என்றால் வைப்பர். மாலையிலும் அதேதான்.

பாத்திரத்தை மூடினாள். பளீரென்ற வெயிலில், ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதி மேட்டில் வேன் தொய்ந்தது. எல்லாவற்றையும் அணைத்தாள், இழுவை திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி தொய்ந்தது.

இழுவை போவது கியரில் இல்லை, மின்சாரத்தில்.

பட்டறைக்கு வந்து, இஞ்சினை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டாள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்தாள்; மற்றொன்றைப் பெயிண்ட் படாத இடம் தேடிக் கியர்பாக்ஸில் குத்தினாள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. கியர்பாக்ஸையும் வண்டி உடம்பையும் இணைக்கும் தடித்த எர்த் ஒயர் வழியாகத்தான் மின்சாரம் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தது. விளக்கும் வைப்பரும் சேர்ந்து இழுத்தபோது பெட்ரோல் பம்ப்புக்குக் கிடைத்தது மிச்சம்தான்; இஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை.

போல்ட்டைக் கழற்றினாள். ஒயர் உட்கார்ந்திருந்த வட்டம் பளபளவென்று வெள்ளியாக இருந்தது. ஒயருக்கும் உலோகத்துக்கும் நடுவே அவளுடைய இரண்டு கோட் பெயிண்ட்.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மூன்று தரம் முறுக்கிப் பார்த்த போல்ட் அது.

அத்தான் பக்கத்தில் குந்தினார். மீட்டரைப் பார்த்தார், கழற்றிய ஒயரைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஒயர் பழசுன்னு சொல்லிடு உங்கக்காகிட்ட. நானும் அதையே சொல்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்கும் ஒரு கணம் ஆசையாக இருந்தது. பிறகு சற்று நகர்ந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி விளக்கைத் திருப்பினாள்.

"ஒயர் நல்லா இருக்கு அத்தான். பெயிண்ட் நான் அடிச்சது."

உப்புத்தாளால் அந்த வட்டத்தைத் தேய்த்தாள். சாம்பல் நிற உலோகம் தெரிகிறவரை தேய்த்தாள். தெரிந்த பிறகும் கொஞ்சம் தேய்த்தாள். ஒயரை மாட்டி முறுக்கினாள். வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. பழைய பேட்டரிதான். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

மாலை ஐந்து மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தபோது அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மணல் மூட்டைகளுக்கு நடுவே அத்தான். பக்கத்து சீட்டில் நோட்டோடு இவள். பெயிண்ட் கதையைக் கிளம்புமுன்பே அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தாள். எல்லா விளக்கும் எரிந்தன. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சிட்டது. பிள்ளைகள் இறங்கி நடந்த இடம் வந்ததும் இவள் வேக முள்ளைப் பார்த்தாள். வேன் அதே வேகத்தில் ஏறியது. மேட்டு உச்சியில் அக்கா நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டு கீழே போய் இன்னொரு தரம் ஏறினாள்.

"இதையும் எழுதிக்கோ," என்றாள். "நாளைக்குப் பிள்ளைங்கள இதுலதான் கூட்டிட்டுப் போறேன். ஏன்டி, அழறியா?"

"தூசி," என்றாள் இவள்.

பட்டறைக்குத் திரும்பியதும், நாளைக் காலை கியர்பாக்ஸை இறக்கவென்று வேனுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த இரும்புத் தாங்கிகளை அத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி, பழுதுக்கு வந்து மூலையில் நின்ற நீலக் காருக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார்.

"சந்தேகம், காலைல இதுக்கு கியர்பாக்ஸ் எறக்கணும்," என்றார். "நீயே எறக்கு. பெயிண்ட் டப்பாவ நான் உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."