மூன்று கல்சில்லு

குழி நாலடி இறங்கியபோது ஈத்தியனின் மண்வெட்டி நின்றது.

மேலே நின்ற அவன் அக்கா மானியான் அதைக் கவனித்தாள். கனடாவின் பழங்குடிகளான இன்னு ஜனங்களில் செத்தவருக்குச் சொந்தக்காரர்தான் குழி வெட்ட வேண்டும். அம்மாவுக்கு இருந்த ஒரே மகன் வெட்டிக்கொண்டிருந்தான். மாதா கோயிலில் அம்மாவின் பெட்டி காத்திருந்தது. பதினோரு மணிக்குப் பூசை. கியூபெக்கின் அந்த வடகரையில் இன்னும் பத்து நாளில் மண் உறைந்து இரும்பாகிவிடும்.

குழிக்குள் சாம்பல் மணலுக்கு அடியில் காவி தூவியதுபோல ஒரு சிவப்புத் திட்டு. அதில் கல்லாயுதம் செதுக்கியபோது தெறித்த நாலைந்து கல்சில்லுகள். ஆதிகாலத்து மனிதர் இருந்த இடம்.

புல்டோசருக்கு முன்னால் ஓடிப்போய், நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள் விட்டுப்போனதைத் தோண்டிக் காப்பாற்றுவது ஈத்தியனின் பிழைப்பு. சாலையோ அணையோ, அவன் கையெழுத்து விழுந்தால்தான் வேலை நகரும். மானியானின் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோதும் அவன்தான் வந்தான். கிடைத்தது மூன்று சில்லு. நிறுத்து என்று எழுதிவிட்டான்.

"சட்டம் அக்கா. உனக்கொண்ணு ஊருக்கொண்ணு பண்ண முடியுமா? தோண்டிப் பாக்கணும், ஒரு கோடை பொறுத்துக்கோ," என்றான் அப்போது.

ஒரு கோடை இரண்டாயிற்று. கூடவே இரண்டு குளிர்காலம், அம்மாவும் அவளும் தகர டிரெய்லரில். சுவரின் உள்பக்கமே பனி படரும். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி கட்டியது அங்கேதான். அவளை முடித்ததும் அங்கேதான்.

அம்மாவின் தம்பி பாஸ்தியன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னடா மாப்ளே, புதையலா? ஆபீசுக்குச் சொல்லிவிடட்டுமா? பனி உருகற வரைக்கும் எங்கக்காவை டவுன் ஆஸ்பத்திரி ஐஸ்பெட்டியில வெச்சுக்கலாம். அவளுக்கென்ன, காத்திருந்து பழக்கம்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

ஈத்தியன் முழந்தாளிட்டான். ஒரு சில்லை எடுத்து, பட்டுத்துணியைத் தடவி விலை மதிக்கும் வியாபாரிபோல அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். வெளிச்சத்தில் திருப்பினான்.

நிறுத்தத்தான் போகிறான் என்று நினைத்தாள் மானியான். நிறுத்தினால் அவன் முகத்துக்கு நேரே என்ன கேட்பது என்றுகூடத் தயாராக வைத்திருந்தாள்.

அவன் சில்லைத் திரும்ப மண்ணிலேயே போட்டான்.

"வேரு," என்றான், யாரையும் பார்க்காமல். "வேர்ல பட்டு நின்னுடுச்சு மாமா."

மண்வெட்டி ஓங்கி இறங்கியது. சிவப்பு மண் சாம்பல் மண்ணோடு கலந்து குவியலில் விழுந்தது.

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பெத்தவளுக்குன்னா சும்மாவா? பாத்தியா உன் தம்பியை."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆக, ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அவள் அஸ்திவாரத்திலும் வேருக்குப் பஞ்சமில்லை.

கோயில் மணி அடித்தது. மாமா பெட்டி தூக்க ஆள் சேர்க்கப் போய்விட்டார். ஈத்தியன் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு, ஏறுவதற்குக் கையை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் புடி."

மானியான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.