சுடாத கால்

ஒவ்வொரு நாள் காலையிலும் ராஜம்மா கணவரின் இடது சப்பாத்துக்குள் பஞ்சைத் திணித்து வைப்பாள். பெருவிரலும் அடுத்த விரலும் இருந்த இடத்தை அந்தப் பஞ்சு நிரப்பும். அங்கமுத்து அதை மாட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் பெம்பான் கடைத்தெருவில் நடந்து போவார். செம்பனை மட்டை வெட்டும்போது பாராங் கத்தி பட்டுவிட்டது என்பது அவர் ஊருக்குச் சொன்ன கதை.

உண்மை வேறு. இருபத்திரண்டு வருடங்களாக மாரியம்மன் கோயில் தீமிதியில் முதல் ஆளாக இறங்கியவர் அந்தக் கோயிலின் தலைவரான அவர். போன வருடம் கால் துளிகூடச் சுடவில்லை. ஆத்தாவின் அருள் என்று ஊரே காலில் விழுந்தது. சட்டமன்ற உறுப்பினர் மாலை போட்டார். பத்தாம் நாள் ராஜம்மாதான் பாயில் சீழைப் பார்த்தாள்; இரண்டு விரல்களையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இனிப்பு நீர் என்னும் நீரிழிவு அவருடைய பாதத்தின் உணர்வைத் தின்றுவிட்டிருந்தது. ஒன்பது வருடம் கிளினிக்கில் மாத்திரை வாங்கியவர்; கால் மரத்துப்போகும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே!

அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான்கு கிளினிக்குகளுக்கும் நீரிழிவைப் பற்றிக் கற்றுக்கொடுக்க அனுசியா ஒருத்திதான். இங்கே அவள் முறை வருவது மாதம் ஒரு முறை, அதுவும் அரை நாள். கிளினிக்குக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும், தமிழர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அவளும் பக்கத்து வட்டாரப் பயிற்றுநர்களும் மனு எழுதிக்கொண்டு, ஊரார் 'ஒய்.பி.' என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு இரண்டு முறை போனார்கள். இரண்டு முறையும் தேநீர் கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

இந்த வருடத் தீமிதிக்கு இரண்டு நாள் முன்பு, கிளினிக் பதிவில் உண்மையை அறிந்திருந்த அவள் அங்கமுத்துவின் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, வியாழக்கிழம மறுபடி ஒய்.பி.ய பாக்கப் போறோம். நாங்க பேசினா வெறும் கணக்குன்னு தள்ளிடுறாங்க. நீங்க ஒரு தடவ வந்து சொன்னா போதும் லா."

"என்னத்த சொல்றது மிஸ்ஸி? அங்கமுத்து தீ மிதிச்சது அருள் இல்ல, சீக்குன்னா? எங்கப்பா காலத்துலேருந்து காப்பாத்துன பேரு. கால் போனாலும் அது போவக்கூடாது. டீய குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"சீனி போடாத டீதானே, மாமா?"

"இதுலயும் ஒங்க வேலையா!"

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. மூட்டுவலி என்று சொல்லி அவர் ஒதுங்கிக்கொள்ள, தம்பி வசந்தன் முதலில் இறங்கினான். நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, பாத்தியா! கொஞ்சங்கூட சுடல. ஒனக்கு வந்த அருளு எனக்கும் வந்துருச்சு!"

பாதத்தில் இரண்டு கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. வசந்தன் சிரித்தபடியே அவற்றின்மேல் அழுத்தி நின்றான்.

அங்கமுத்து குனிந்து அந்தக் கொப்புளங்களைப் பார்த்தார். "டேய், நீ இனிப்பு நீருக்கு மாத்திர சாப்புடுறியா?"

"ஆறு வருசமா. ஒங்கிட்ட சொன்னா குடும்பத்துக்கே கேவலம்னு கத்துவ. அதான் சொல்லல."

ராஜம்மா வெடித்தாள். "கேட்டீங்களா? ஒங்க பஞ்சு இன்னும் எத்தன பேரு கால வாங்கப் போவுது?"

அங்கமுத்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். கார் சாவியை எடுத்தார். உடனே கொண்டுவந்ததால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை சேவை மையத்தில் குளிர்சாதனம் சில்லென்று ஓடியது. சட்டமன்ற உறுப்பினர் அனுசியா நீட்டிய மனுவை ஒதுக்கி வைத்தார். "கிளினிக்ல தாள் குடுக்குறாங்க, போஸ்டர் ஒட்டியிருக்காங்க. அதுக்கு மேல பட்ஜெட் இல்லம்மா. நம்ம ஆளுங்களுக்குத்தான் வாயக் கட்டத் தெரியல." அப்போது கதவு திறந்தது. "அட, தலைவரே! கோயில் விசயமா?"

"கால் விசயம், ஒய்.பி."

அங்கமுத்து உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பஞ்சை உருவி, மனுவின் மேலேயே வைத்தார். விரல் இல்லாத பாதத்தைக் கண்ட உறுப்பினர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"பயப்படாதீங்க. போன வருசம் நீங்க மாலை போட்டது இந்தக் காலுக்குத்தான். அதுக்கு முன்னாடி இருபத்தோரு வருசமும் எனக்குச் சுட்டுச்சு. சூடு தெரிஞ்சும் நடந்தேன் பாருங்க, அதுதான் ஆத்தா அருள். சுடாம போனது சீக்கு. அத எனக்குச் சொல்ல இந்தப் பொண்ண மாதிரி ஒரு ஆள் பக்கத்துல இருந்திருந்தா, என் விரலும் இருந்திருக்கும், தம்பியும் ஆஸ்பத்திரியில கெடக்க மாட்டான். மலாய்ல அச்சடிச்ச தாள ராஜம்மா பலகாரம் மடிக்கத்தான் வச்சிருக்கா."

"அடுத்த சட்டமன்றக் கூட்டத்துல பாக்கலாம் தலைவரே..."

"பாக்க வேணாம், பேசுங்க. எந்தத் தேதியில பேசுவீங்கன்னு அந்த மனுவுலயே எழுதுங்க. நான் இருக்கேன்."

உறுப்பினர் அனுசியாவைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தேதி எழுதிக் கையெழுத்திட்டார்.

அங்கமுத்து எழுந்தார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்; பஞ்சை எடுக்கவில்லை.

"நோய் வர்றது கேவலம் இல்ல, ஒய்.பி. அத மறச்சு வச்சேன் பாருங்க, அது என் கேவலம். தெரிஞ்சிக்க வழி பண்ணாம ஜனங்கள விட்டுட்டு, மாலை போட மட்டும் வர்றது ஒங்க கேவலம். என்னோடத நான் இன்னிக்குக் கழுவிட்டேன்."