சாவுக்குரல்

எஸ்பினாசோ மலையில் பூப்பறிக்கும் பருவம் வந்தால் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் குகைக்குக் குடிபோய்விடுவோம். காய்ந்தாலும் வாடாத ஒரு வெள்ளைப் பூவைக் கட்டுக் கட்டாகப் பறித்து, விற்பதற்காகக் காயவைப்போம். அன்று விடிந்ததும் பூக்கட்டை எடுக்கக் குனிந்த என் மனைவி டொர்வலீனாவின் கெண்டைக்காலில் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்துவிட்டது.

நானும் அவள் தம்பி நிவால்டோவும் போர்வையைக் கழியில் கட்டி டோலியாக்கிச் சுமந்தோம். விஷமுறிவு ஊசி கீழே நகரத்து ஆஸ்பத்திரியில்தான். சரளைச் சரிவில் இரண்டு பேர் எவ்வளவு தூரம் தூக்க முடியும்?

"கல்யாணத்தன்னைக்கு என்னைத் தூக்கிட்டு ஆடினியே, இப்ப மூச்சு வாங்குற," என்றாள் டோலிக்குள்ளிருந்து. அவள் இமைகள் அப்போதே தொங்கிப்போயிருந்தன.

நண்பகலில், ஒடிலோனின் குடியிருப்புக்கு மேலே உள்ள முகட்டில் உட்கார்ந்துவிட்டோம்.

"மச்சான், அவங்களக் கூப்பிடு. அஞ்சாறு ஆம்பளைங்க இருக்காங்க," என்றான் நிவால்டோ.

"ஒடிலோன் வருவான்னு நினைக்கிறியா மாப்ள?"

போன வருடம் பூ நன்றாக வரட்டும் என்று காய்ந்த புல்லுக்கு நான் வைத்த தீ, முகட்டைத் தாண்டிப்போய் ஒடிலோனின் தொழுவத்தை எரித்தது. மூன்று கன்றுகள் கருகின. போய் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து என்னைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போவான்.

ஆனால் எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குரல் கொடுத்துப் பிணம் தூக்கக் கூப்பிட்டால் பகைவனும் வந்தாக வேண்டும். நான் எழுந்து, கையைக் குவித்துக் கத்தினேன்.

"ஆத்துமாக்களின் சகோதரர்களே! தோள் கொடுங்க!"

நிவால்டோ பேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். டொர்வலீனா சிரிக்க முயன்றாள். "அதுக்குள்ள கொன்னுட்டியா, பாவி?"

"சும்மா கிட. ரோடு வரைக்கும்தான், அங்க வண்டி கிடைக்கும்," என்று அவள் முகத்தைத் துணியால் மூடினேன்.

வந்தார்கள். ஆறு பேர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. ஒடிலோன் என் முகத்தைப் பார்க்காமல் கழிக்கு அடியில் தோளைக் கொடுத்தான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முட்டாள்.

பிணத்துக்கு என்ன அவசரம்? கல்லறைக்குப் போகும் பழைய நடைபாதையில் அலுங்காமல் நடந்தார்கள். பாதையோரம் நட்டிருந்த சிலுவைக்குச் சிலுவை இறக்கிவைத்து ஜெபம் சொன்னார்கள்.

"கொஞ்சம் வேகமா..." என்றேன்.

"செத்தவள உருட்டிக்கிட்டா போவாங்க?" என்று ஒருவர் அதட்டினார்.

சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு சிலுவையிலும் நினைத்தேன். பொய் தெரிந்தால் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம்.

நான்காவது சிலுவையில், துணிக்கடியிலிருந்து "தண்ணி" என்று கேட்டது.

எல்லாரும் பின்வாங்கினார்கள். ஒடிலோன் மட்டும் துணியை விலக்கிப் பார்த்தான். பிறகு என் சட்டையைப் பிடித்தான்.

"உசுரோட இருக்காளாடா? எங்க வாசல்ல லாரி நிக்குதுடா! பொணத்த நடந்துதான் கொண்டுபோகணும்னு விட்டுட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் ஊசி போட்டிருப்பாங்க!"

"நீ வரமாட்டேன்னு..."

"கன்னுக்குட்டிக்கு அழுதவன்டா நான். ஒரு பொம்பளைய சாக விடுவேனா?"

சொல்லிவிட்டு ஓடினான். லாரி காட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் டொர்வலீனாவுக்குக் கழுத்து நிற்கவில்லை. மூச்சு மேலே மேலே இழுத்தது. என் விரலை மட்டும் பிடித்திருந்தாள். பிறகு அந்தப் பிடியும் விட்டுப்போனது.

ஒடிலோன் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தான். நிவால்டோ அழுவதைப் பார்த்ததும் நின்றான். தொப்பியைக் கழற்றினான். லாரியை அங்கேயே விட்டுவிட்டு, மறுபடியும் கழிக்கு அடியில் தோளைக் கொடுத்தான்.

பிணத்தை எடுக்குமுன் வீட்டுக்காரன் அந்தச் சாவுக்குரலைக் கொடுக்க வேண்டும். எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் அவள் முகத்தை மறுபடி துணியால் மூடிக்கொண்டிருந்தேன்.

"நடங்க," என்றான் ஒடிலோன் கடைசியில். "அவன்தான் மத்தியானமே கூப்பிட்டுட்டானே."