சேதுபதியைப் பார்த்த கண்

நாலே வரி. மலாக்காவில் காஜா பெராங் தெருவில் அச்சாகும் அந்த ஒற்றைத் தாள் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியில் நாலே நாலு வரி. 'சயாம் ரயில்பாதை முகாமில் நடந்த பந்தாட்டத்தில் மலாக்கா கோல்கீப்பர் சேதுபதி விளையாடினார் என்று, பார்த்த ஒருவர் தெரிவிக்கிறார்.' பாக்கியலட்சுமி அதை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் அவள் புருஷன் சேதுபதியை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. ஒரு கடுதாசி உண்டா, ஒரு சேதி உண்டா? இப்போது எவனோ ஒருவன் பார்த்திருக்கிறானாம்!

அடுப்பில் வெந்த மரவள்ளியை அப்படியே போட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினாள். செய்தி எழுதிய ஜெய்னுலாப்தீன் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். சேதுபதி ஆடிய ஆட்டம் ஒன்றுவிடாமல் எழுதியவர் அவர்.

"யாரு பாய் பார்த்தது?"

"அதை மட்டும் கேக்காத தங்கச்சி. முகாமை விட்டு ஓடி வந்த ஆளு. பேரு வெளிய தெரிஞ்சா தலையை எடுத்துடுவானுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

"பேரு வேணாம். ஆளைக் காட்டுங்க. அவரைப் பார்த்த கண்ணை நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன். அது போதும்."

அவர் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்ன கல்நெஞ்சு இந்த மனுஷனுக்கு! பந்து பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கை தன் கன்னத்தில் ஒரு தடவை படாதா என்று அவள் ஏங்காத நாள் இல்லை.

"சரி, நானே போய்ப் பார்த்துக்கிறேன். வெள்ளிக்கிழமை ரயில்பாதை வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு சயாமுக்கு லோரி போகுதாம், பேரு குடுக்கப்போறேன். பந்தாடுற அளவுக்கு வசதியான இடம்னா பொம்பளைங்க இருக்க முடியாதா?"

ஜெய்னுலாப்தீனின் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த ஆளு மறைக்கச் சொன்னது பேரை மட்டும்தான் தங்கச்சி. மீதியை மறைச்சது நான், என் தலைக்குப் பயந்து. நான் எழுதுன நாலு வரிய ஜப்பான்காரன் சிரிச்சுக்கிட்டே அனுமதிச்சான். இதைப் படிச்சா முகாம் நல்ல இடம்னு ஜனங்க நம்பிடுவாங்கன்னு அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். அது விளையாட்டே இல்ல. காவக்காரனுங்க பொழுதுபோகாம சீக்காளிங்களை எழுப்பி ஆடவிட்டானுங்க. சேதுபதிக்குக் காலெல்லாம் புண்ணு. கோல் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னானாம். அது நடந்து நாலு மாசம் ஆச்சு. மறுநாளே அந்த ஆளு ஓடி வந்துட்டான். அதுக்கப்புறம் என்னான்னு அவனுக்கும் தெரியாது. போகாத!"

அவள் கையிலிருந்த தாளை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பந்து பிடிச்சாரா?"

"ரெண்டு பிடிச்சானாம்."

பாக்கியலட்சுமி சிரித்தாள். பதினாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பிடிச்சுக்க ஆளில்லாமத்தானே பாய் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு" என்றாள். "பார்த்தா உங்க சலாத்தையும் சொல்றேன்."

அவர் பின்னாலேயே வந்து கூப்பிடக் கூப்பிட, பேர் எழுதும் இடத்துக்கு அவள் விறுவிறுவென்று நடந்தாள்.