நஸீரா தேர்ந்த கல்

அலையடங்கிக் கிடக்கும் வளைகுடாவின் மீது மார்கழித் திங்களின் இளவெயில் பொன்துகள் தூவிப் பரவ, இரவெல்லாம் பனிகுடித்த பாலைமணல் மெல்ல வெதும்பத் தொடங்க, பட்டறைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓசையிட்டு மேலேற, சரக்கேற்றிய வண்டிகள் களிற்றுநிரைபோல் அசைந்தசைந்து ஊர்ந்துசெல்லும் ஷார்ஜா தொழிற்பேட்டையின் காலைப்பொழுதைக் கண்டிருக்கிறீரோ, நற்றமிழ் தேரும் அன்பரே? அங்கே மரத்தின் மணம் வீசும் தெரு உண்டு. இரும்பின் பொறி தெறிக்கும் தெரு உண்டு. மலைகளைப் பிளந்தெடுத்த கற்பாளங்கள் பழஞ்சுவடியின் ஏடுகளென வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும் தெருவும் உண்டு. அக்கற்றெருவின் கோடியிலிருந்த ஒரு முற்றத்தில், கீழக்கரையில் பிறந்து இந்நாட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட நஸீரா, மளிகைக்கடை நடத்தும் தன் கணவர் கௌஸ் முகம்மதுவோடு அன்று காலை வந்து நின்றாள்.

வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிறர் கட்டிய அடுக்களைகளில், பிறர் பதித்த மேடைகளில் சமைத்தே கழித்தவள் அவள். இப்போது பக்கத்து ஊரான அஜ்மானில் அவர்களுக்கென்று ஒரு சிறு வீடு வாய்த்திருந்தது. சுவரின் நிறத்தையும் விளக்கின் வடிவையும் கணவர் விருப்பத்திற்கு விட்டுவிட்டவள், சமையல் மேடையின் கல்லை மட்டும் தானே தேர்வேன் என்று உரைத்திருந்தாள். கைப்பையில் எலுமிச்சை ஒன்றும் மஞ்சள்தூள் பொதி ஒன்றும் கொண்டுவந்திருந்த அவள், கடையின் மேற்பார்வையாளன் திகைத்து நோக்க, மாதிரிக் கற்கள் ஒவ்வொன்றின் மீதும் சாற்றைப் பிழிந்து, மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காத்திருந்தாள். பாலாடை போன்ற பளிங்கு, சாறு பட்ட இடத்தில் மூச்சுப்பட்ட கண்ணாடியென மங்கியது; மஞ்சளையும் சற்றே உண்டது. கருங்கல் ஒன்றுக்கும் அசையவில்லை. ஆயினும் அதன் இருண்ட நிறம் அவள் உள்ளத்தில் ஒட்டவில்லை. கற்பொடியையும் பசையையும் கூட்டி அமுக்கிச் செய்த வெண்பாளமோ, துடைத்ததும் புதிதாய் விழித்த கண்போல் மாசின்றி ஒளிர்ந்தது.

"இதுதான் மச்சான்," என்றாள் நஸீரா. கௌஸ் முகம்மது தலையசைத்தார்.

மேடைக்குத் துணையாக நறுக்கும் பலகை ஒன்றை மேற்பார்வையாளன் நீட்டினான். பூவரைந்த கண்ணாடிப் பலகை அது. கத்தியை வைத்ததும் எழுந்த கீச்சொலியில் அவளுக்குப் பல் கூசியது. அதை விலக்கிவிட்டு, அருகே அடுக்கியிருந்த வேலமரப் பலகைகளுள் இரண்டைக் கையிலெடுத்தபோது, காலம் அவளை அறியாமலேயே பின்னோக்கி இழுத்துச் சென்றது.

ஷார்ஜாவில் ரோலாப் பகுதியின் பழைய கட்டடம் ஒன்றில் மூன்று குடும்பங்கள் ஓர் அடுக்களையைப் பகிர்ந்திருந்த நாள்கள் அவை. தகடு வேய்ந்த ஒடுங்கிய மேடையில் ஒருத்தி தோளை மற்றொருத்தி தோள் உரசச் சமைப்பார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த சுசீலா புலால் தொடாதவள். ஆதலால் காய்க்கு ஒரு பலகை, மீனுக்கு ஒரு பலகை என்று எழுதாத உடன்பாடு இருந்தது. நஸீரா தன் மகள் ஆலியாவைக் கருவுற்றிருந்த நாளில், எதையும் உண்ணமாட்டாமல் துவண்டு கிடந்த ஒரு நண்பகலில், கொதிக்கும் புளிக்குழம்பின் மணம் வந்து அவளை எழுப்பியது. எழுந்துபோய்ப் பார்த்தவள் கண்டது, முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டி, கண்ணில் நீர் வழிய, மீன்பலகையில் நெய்மீனைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்த சுசீலாவை! "உப்பு மட்டும் நீ பாத்துக்க மக்கா, எனக்கு வாயில வைக்க முடியாது," என்றாள் அவள். கொள்ளைநோய் பரவிய ஆண்டில் சுசீலா ஊரிலேயே மறைந்தாள். இறுதிமுகம் காணும் பேறும் நஸீராவுக்குக் கிட்டவில்லை. பலகைகளை மார்போடு அணைத்தபடி அவள் நெடுநேரம் நின்றாள்.

அப்போதுதான் அளவு குறிக்க வந்தான் கல் வெட்டும் தொழிலாளி சோலைமுத்து. நாற்பதைத் தொடாத அகவை. இமைமயிரும் புருவமும் வெண்பொடி படிந்து நரைத்தவைபோல் தோன்றின.

"அடுப்புக்கு எந்தப் பக்கம் வெட்டணும்க்கா?"

"உங்க பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சால்ல இருக்கு! எந்த ஊரு தம்பி?"

"கமுதிக்கா," என்றவனைத் தொடர்ந்து பேசவிடாமல் இருமல் வந்து குலுக்கியது. சுவரைப் பற்றிக்கொண்டு அது ஓயும்வரை குனிந்து நின்றான்.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"ஆறேழு மாசமாக்கா. டூட்டிய விட்டுட்டு ஆசுபத்திரி போக முடியல."

நஸீரா வெண்பாளத்தையும் அவன் இமைகளையும் மாறிமாறி நோக்கினாள். "இந்தக் கல்ல உங்க வீட்டுக்குப் போடுவீங்களா?"

மேற்பார்வையாளன் அப்பால் சென்றிருப்பதை உறுதிசெய்துகொண்டு, அவன் குரலைத் தாழ்த்தினான். "நல்ல கல்லுதான்க்கா. வீட்டுல கெடந்தா ஒண்ணும் பண்ணாது. வெட்டுறவனுக்குத்தான் வெனை. தண்ணி ஊத்தி வெட்டுனா தூசி அடங்கும். அவசரம்னா அப்படியே வெட்டச் சொல்லிருவாக. அந்தத் தூசி நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும். எங்க ரூம்ல இருந்த வீரபாண்டி அண்ணன் பதினோரு வருசம் வெட்டுனாரு. இப்ப ஊருல பத்தடி நடந்தா மூச்சு வாங்குது. நான் சொன்னேன்னு சொல்லிறாதீகக்கா, ஊருக்கு அனுப்பிருவாக."

"பளிங்கு வெட்டுனா?"

"அதுலயும் தூசி உண்டு. இம்புட்டுக் கெடுதி இல்ல."

மாசற்ற அந்த வெண்மை, சற்றுமுன் அவள் நெஞ்சைக் குளிர்வித்த அதே வெண்மை, இப்போது ஒரு மனிதனின் முகத்தில் படிந்திருப்பதைக் கண்டபின் அதை விரும்ப அவளால் இயலவில்லை. கணவரிடம் திரும்பி, "பளிங்கே போதும் மச்சான்," என்றாள்.

"நீதானே பாத்தே? எலுமிச்சை பட்டதும் மங்கிருச்சே! ஆறு மாசத்துல அழுக்கா தெரியும்."

"தெரியட்டும். சமைக்கிற மேடை, சமைச்ச மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

சோலைமுத்துவைக் காட்டிக்கொடுக்காமல், பளிங்கின் அழகே தன்னை ஈர்த்ததாக மேற்பார்வையாளனிடம் கூறியவள், "தண்ணி ஊத்தித்தான் வெட்டணும், நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்," என்றும் சொல்லி, முற்றத்தில் ஓர் இருக்கையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டாள். உச்சிவெயில் ஏறியும் எழவில்லை. வாள்முனையில் நீர் ஒழுக, வெண்குழம்பு வழிந்தோட, கல் தூசி எழாமல் இரண்டாகப் பிரிந்தது.

மேடை பதிக்க அஜ்மானுக்கு வந்த நாளில், அந்த வீட்டின் முதல் சோற்றைச் சோலைமுத்துவுக்கே அவள் பரிமாறினாள். உண்டு முடித்த அவனைக் கௌஸ் முகம்மது தம் வண்டியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் நெஞ்சில் நிழல் விழுந்திருந்தது. தொடக்கநிலைதான், ஆனால் இனித் தூசியின் பக்கமே போகலாகாது என்றார் மருத்துவர். பதினான்கு ஆண்டு உழைத்த நிலத்தை விட்டு, தைத்திங்கள் முடியுமுன் அவன் விமானம் ஏறினான்.

சித்திரையின் ஒரு மாலையில் கமுதியிலிருந்து அவன் அழைத்தான்.

"அக்கா, இன்னைக்குக் கண்மாக்கரை மேல நிக்காம ஏறிட்டேன்!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனைப் போற்றினாள் நஸீரா. பிறகு மெல்லக் கேட்டாள்: "பட்டறையில உங்க எடத்துல இப்ப யாரு தம்பி?"

"ஆள் போட்டுட்டாகளாம்க்கா. ராசிபுரத்துக்காரராம். ரெண்டு புள்ளயாம்."

அழைப்பு முடிந்ததும், மங்கத் தொடங்கியிருந்த பளிங்கு மேடையை அவள் துடைத்தாள். ஒரு வீட்டின் மேடையைத் தேர்ந்ததனால் உலகின் வாள்கள் ஓய்ந்துவிடவில்லை என்பதை அவள் அறிவாள். அன்பரே, இல்லங்கள் தோறும் ஒளிரும் அழகுகள் யார் யாருடைய மூச்சைக் கடந்து வந்தனவோ, அவற்றுள் எத்தனையை நாம் கேட்டறிந்தோம்? மறுநாள் காலை, கடைக்குப் புறப்பட்ட கணவரை நிறுத்தி, "போற வழியில என்னைத் தொழிற்பேட்டையில எறக்கிவிடுங்க மச்சான், அந்த ராசிபுரத்துக்காரர் பேரு என்னன்னு கேக்கணும்," என்றாள் நஸீரா.