மூச்சில்லாத குரல்

ஈஸ்டர் சனிக்கிழமைப் பந்தயத்தோடு அந்த ஸ்பீட்வேயில், களிமண் தடத்துக் கார்ப் பந்தயத் திடலில், சீசன் முடிந்துவிடும். அன்று சாயங்காலம் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெற்குக் கோளத்துத் தரனாக்கிக் கரையில் குளிர் தொடங்கும் ஏப்ரல் மாதம் அப்படித்தான்.

ரேலீன் பகலில் பால் டேங்கர் ஓட்டுபவள். சனிக்கிழமைகளில் ஸ்டாக் கார். அவளும் தம்பி ஹோனேயும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வெல்டு அடித்து உருவாக்கிய வண்டி அது. முன்னால் இரும்புக்குழாய் பம்பர், உள்ளே ஒரே இருக்கை, பின்னால் பார்க்கக் கண்ணாடிகூடக் கிடையாது. இடித்துத் தள்ளி முந்துவதுதான் இந்தப் பந்தயமே. ஓட்ட வந்து சில வருடங்கள் ஆகியும் இறுதிப் பந்தயத்தில் அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

"என்ன பால்காரி, இன்னிக்காவது கறந்துருவியா?" என்று உருளைக்கிழங்கு வறுவலை மென்றுகொண்டே வந்து நின்றார் டூகல் பர்விஸ். போன வருடத்துச் சாம்பியன். பேரன் எடுத்த பிறகும் இடிப்பதை விடாத மனிதர்.

"நீ கொஞ்சம் ஓரமாவே ஓட்டு பெரிசு. நான் இடிக்கிற இடியில உன் பல்செட்டு தெறிச்சுரப் போவுது."

டூகல் சிரித்தபடி வறுவல் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

ஓட்டுநர்கள் எல்லோரும் காதில் ஒரு சின்ன ரிசீவரைச் செருகிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். கோபுரத்தில் உட்கார்ந்து பந்தயத்தை நடத்தும் நைரி அதன் வழியாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேசுவாள். "மஞ்சள் விளக்கு, மெதுவா வாங்க", "சிவப்பு, எல்லாரும் நில்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பதில் பேச வழியில்லை. சிகரெட்டில் பாழான நெஞ்சு அவளுக்கு. பேசத் தொடங்கும்போதெல்லாம் ஓர் இழுப்புச் சத்தம் கேட்கும்.

முதல் சுற்றுப் பந்தயத்தில், களிமண் வாரியடிக்க ரேலீன் வளைவுக்குள் நுழைந்தபோது காதில் கேட்டது.

"உள்ள வா."

யோசிக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். வெளிப்பக்கம் போன இரண்டு கார்கள் ஒன்றோடொன்று சிக்கிச் சுழன்றன. "இப்ப இடி" என்றது குரல். இடித்தாள். முன்னால் போனவன் விலகினான். ஜெயித்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நைரியின் குரல்தான், ஆனால் இழுப்பு இல்லை. ஓட்டுகிறவருக்கு யோசனை சொல்லும் வழக்கமும் நைரிக்குக் கிடையாது.

ஹோனே ரிசீவரைத் தன் காதில் வைத்துப் பார்த்தான். "ஒண்ணும் வரலயேக்கா. இரைச்சல்தான் கேக்குது. எவனோ விளையாடுறான். நைரிகிட்ட சொல்லிருவோமா?"

"சொன்னா, ஜெயிச்சது செல்லாதும்பாங்க."

"அதுக்குன்னு சொல்லாம இருப்பியா?"

"இன்னொரு ரேஸ் பாப்போம்டா."

இரண்டாவது சுற்றில் அது இன்னும் அருகில் பேசியது. பக்கத்து இருக்கையில் யாரோ உட்கார்ந்திருப்பது போல. பக்கத்தில் இருக்கையே இல்லை. "வலது பக்கம் வழி இருக்கு" என்றது. அங்கே வழி இல்லை, ஒரு கார் அடைத்துக்கொண்டு போனது. ரேலீன் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் அந்தக் காரின் சக்கரம் கழன்று ஓடி, வழி திறந்தது. கனத்த பந்தய உடைக்குள் அவளுக்குக் குளிரெடுத்தது. அதையும் ஜெயித்தாள். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

இறுதிப் பந்தயம் தொடங்கும்போது பனி வேலியோரம்தான் நின்றது. பாதி ஓடுவதற்குள் உள்ளே இறங்கிவிட்டது. எதிர்ப்பக்க விளக்குகள் மங்கிக் கரைந்தன. டூகல் முதலில் போக, ரேலீன் அவர் வாலைப் பிடித்துக்கொண்டு போனாள். தொடக்கக் கோட்டுக்கு முந்தைய வளைவில் "இடி" என்றது குரல். இடித்தாள். டூகலின் கார் எகிறிப்போய்ச் சுவரில் மோதும் சத்தம் பனிக்குள் கேட்டது. சட்டப்படி அதில் தப்பில்லை. அவள் முன்னால் போய்விட்டாள்.

தடத்தை ஒரு வட்டம் அடித்து மறுபடி அந்த வளைவை நெருங்கும்போது, மஞ்சளோ சிவப்போ ஏதாவது எரியும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் எரியவில்லை. முன்னே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"கால எடுக்காத" என்றது குரல்.

அவள் எடுக்கவில்லை.

"வழி சும்மாதான் கெடக்கு. மிதி. நல்லா மிதி."

அப்போதுதான் அந்தக் குரலில் முதல் தடவையாக மூச்சு கேட்டது. நைரியின் இழுப்பு அல்ல. பட்டினி கிடந்தவன் சாப்பாட்டுத் தட்டு வருவதைப் பார்த்து உள்ளே இழுக்கும் மூச்சு.

ரேலீன் காலை எடுத்தாள். பிரேக்கை மொத்தமாக மிதித்து ஸ்டீயரிங்கை முறித்தாள். கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போனது. பனிக்குள்ளிருந்து ஒரு மனிதன் வெளிப்பட்டான். தடத்தின் நட்டநடுவே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையோ கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து நின்றிருந்தார் டூகல். கைநீட்டித் தொடும் தூரத்தில் கார் நின்றது. பின்னால் வந்த கார் ரேலீனின் கார் மீது மோதியது. அதன் மீது இன்னொன்று. அவளுடைய கார் குறுக்கே கிடந்ததால் எதுவும் அவர் மீது மோதவில்லை.

அதற்கப்புறம்தான் சிவப்பு விளக்கு எரிந்தது.

டூகலை ஆம்புலன்ஸ் படியில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தியிருந்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ரேலீன் கழுத்தைப் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்று கத்தினாள்.

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை வருஷமா ஓட்டுற! சிவப்பு எரியாம வண்டிய விட்டு எறங்கலாமா?"

டூகல் அவளைக் குழப்பமாகப் பார்த்தார். "நைரிதானம்மா எறங்கச் சொன்னா."

"என்ன?"

"வண்டி தீப்பிடிச்சிருச்சு, பெல்ட்ட அவுத்துட்டு எறங்குன்னா. எறங்குனேன். இன்னும் நடுவுல வா, இன்னும் கொஞ்சம் வான்னா." அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தீயே இல்ல, ரேலீன். எறங்கிப் பாத்தா தீயே இல்ல. இருந்தாலும் நடந்தேன்."

அவள் ஓட்ட வந்த நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவள் நினைவில் அதுதான் முதல் தடவை.

கோபுரத்திலிருந்து நைரி மூச்சுவாங்க இறங்கி ஓடிவந்தாள். "பனி எறங்கினதுமே மைக் செத்துப்போச்சு. செவப்பு பொத்தான அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், எரியவே மாட்டேங்குது. உங்க யாருக்கும் என் சத்தம் கேட்டிருக்காதே?"

டூகலும் ரேலீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற ஓட்டுநர்கள் எதுவும் கேட்கவில்லை என்றார்கள்.

அன்றைக்கே ரேலீன் எல்லாவற்றையும் நைரியிடம் சொன்னாள், முதல் சுற்றிலிருந்து. நைரி அவளைத் திட்டவில்லை. "இதை நான் எந்தச் சட்டத்துல கொண்டுபோய் வைப்பேன்?" என்றாள். பந்தயம் பாதியில் நின்றுபோனால், கடைசியாக முழுதாய் ஓடி முடித்த வட்டத்தின் வரிசைதான் முடிவு. அதில் முதலில் இருந்தவள் ரேலீன். கோப்பையை அவள் வாங்கப் போகவில்லை. ஹோனே போய் வாங்கி, காரை இழுத்துவந்த வண்டியின் பின்பக்கம் கயிறுகளோடு போட்டான்.

டூகல் அதற்கப்புறம் ஓட்டவில்லை. கண் மங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்.

ரேலீன் அடுத்த சீசனும் ஓட்டினாள். கம்பிகளை மாற்றினார்கள், ரிசீவர்களைப் புதிதாக வாங்கினார்கள். நைரி இழுத்து இழுத்துப் பேசுவது தவிர வேறொன்றும் காதில் வரவில்லை. ரேலீன் நான்காவதாக வந்தாள், ஆறாவதாக வந்தாள். ஒரு தடவை வளைவில் இரண்டு கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் திணறியபோது, தன்னை அறியாமலேயே தலையைச் சாய்த்தாள். காது எதற்கோ காத்திருந்தது. எதற்கென்று புரிந்ததும், வண்டியைப் புல்லுக்கு ஓட்டிப்போய் இஞ்சினை அணைத்துவிட்டு, பந்தயம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.