மேனேஜர் இழுத்து வந்த ஆள்

ஸ்டுடியோக்காரர் இருபத்திரண்டு வருஷமாக எடுத்ததெல்லாம் மூஞ்சிகள்தான். பாஸ்போர்ட்டுக்கு, வேலைக்கு, அடையாள அட்டைக்கு. "வாயை மூடுங்க, தாடையைத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகி, வீட்டில் மனைவி பேசும்போதும் ஒருமுறை அதையே சொல்லிவிட்டார். அந்த ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

மூஞ்சியே இல்லாத படம் ஒன்று எடுத்து, மலையேறும் சங்கத்தின் காலண்டரில் வரவைத்தே தீருவது என்று இந்த வருஷம் கங்கணம் கட்டிக்கொண்டார். சாவதற்குள் ஒருவராவது தன்னைக் கலைஞன் என்று சொல்ல வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. மலைமேல் ஏரிக்கரையில் ஒற்றை மரம் ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு வாரம் செக்கச்செவேலென்று நிற்கும். படம் அனுப்ப ஞாயிறு கடைசி நாள். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

நாயையும் கூட்டிப் போகும்படி மனைவி சொல்லிவிட்டாள். நாயின் பெயர் மேனேஜர். பட்டம் சும்மா வரவில்லை. ஸ்டூலில் உட்கார அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு, முதலில் அதுதான் ஏறி உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டும். இவர் க்ளிக் செய்து "அடுத்து" என்றதும் இறங்கிப் போய், வெளியே காத்திருப்பவர்களில் ஒருவரின் துணியைக் கவ்வி உள்ளே இழுத்து வரும். சம்பளம் இரண்டு பிஸ்கட்.

மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறி, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, கண்ணை வைத்தார். மரம் தெரியவில்லை. மேனேஜர் தெரிந்தது. நேரே முன்னால் உட்கார்ந்து, தாடையைத் தூக்கி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. ஒரு புதரில் கட்டிப்போட்டார், புதரோடு வந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய், பழக்க தோஷத்தில் "அடுத்து" என்றார். மேனேஜர் சட்டென்று எழுந்து போய்விட்டது.

அடடா, இவ்வளவுதானா என்று குஷியோடு நாற்பது படம் எடுத்துத் தள்ளினார். ஒன்றில்கூட மூஞ்சி இல்லை. பையை மூடும்போதுதான் உறைத்தது. மேனேஜர் சும்மா போகவில்லை, ஆள் பிடிக்கப் போயிருக்கிறது. ஆள் கிடைக்காமல் திரும்பாது. இந்த மலையில் ஆளுக்கு எங்கே போகும்? பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம்.

கேமராவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தோன்றவில்லை. மேனேஜர் இல்லாமல் இனிமேல் கடையைத் திறப்பது எப்படி என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இரண்டாவது வளைவில் மேனேஜர் இருந்தது. லீவுக்கு மலை ஏற வந்த நர்ஸ் ஒருத்தியின் கோட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். உடனே மேனேஜர் பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தது.

"உங்க நாயா? என்னை விடவே மாட்டேங்குது" என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா. உன்னைக் கஸ்டமர்னு நினைச்சிருச்சு."

காலண்டர் வந்தது. ஸ்டுடியோக்காரரின் படம் அதில் இல்லை. அதே மரத்தை முப்பத்தொரு பேர் அனுப்பியிருந்தார்களாம். இலையுதிர்காலப் பக்கத்தில் நர்ஸின் போன் படம் இருந்தது. சிவந்த இலைகளுக்கு நடுவே மேனேஜர், தாடை கச்சிதம். அதன் பின்னால் வாய் பிளந்து, தாடை தொங்க, தலைமுடி பறக்க ஓடிவரும் ஒரு மனிதர். கீழே, "நாயும் அதன் ஆளும்" என்று போட்டிருந்தார்கள்.

மனைவி அதைக் கடையில் ஸ்டூலுக்கு நேர் மேலே மாட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்காக எப்பவாவது இப்படி ஓடி வந்திருக்கீங்களா?"

ஸ்டுடியோக்காரர் கேமராவைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "அடுத்து" என்றார்.

மேனேஜர் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தது. பெஞ்சில் யாரும் இல்லை. திரும்பி வந்து, மனைவியின் துணியைக் கவ்வி ஸ்டூலுக்கு இழுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.